இலவசப் பாடநூல் கிடைக்கிறது சரி, வகுப்பில் தாக்குப்பிடிக்குமா?

கரும்பலகை: அடுத்த பருவத்திலிருந்து வேதியியல், புள்ளியியல் இரண்டுக்கும் விலைக்கு வாங்கும் நூலை நிறுத்தப் போகிறேன். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2012 முதல் முழு நூல்களாகவே தருகிறது. போதாததற்கு லிப்ரேடெக்ஸ்ட்ஸ், மினசோட்டா பல்கலைக்கழகத்தின் ஓப்பன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி. இவ்வளவு இருந்தும் மாணவர்களைக் காசு செலவழிக்க வைப்பது சோம்பேறித்தனம், வேறென்ன?

மூன்றாம்மணி: சோம்பேறித்தனமா? நூலைக் கண்டுபிடிப்பது பத்து நிமிட வேலை சார், வேலையே அப்புறம்தான் ஆரம்பம். போன வருடம் நானும் இதே வேகத்தில் இறங்கினேன். புள்ளியியலுக்கு விக்கிப்பீடியாவில் கொஞ்சம், எம்ஐடி பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களில் கொஞ்சம் என்று எடுத்து, வரிக்கு வரி கலந்து நாற்பது பக்கக் குறிப்பு தயாரித்து இணையத்திலும் ஏற்றிவிட்டேன். இரண்டுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் (சிசி) உரிமம், அதாவது படைப்பை மற்றவர்கள் எந்த நிபந்தனையில் எடுத்தாளலாம் என்று சொல்லும் பொது உரிமம். முதலாவது சிசி பிஒய்-எஸ்ஏ, இரண்டாவது சிசி பிஒய்-என்சி-எஸ்ஏ. பிஒய் என்றால் ஆசிரியர் பெயரைச் சொல், எஸ்ஏ என்றால் அதே உரிமத்தில் பகிர், என்சி என்றால் வணிகத்துக்கு இல்லை. இரண்டுமே ‘மாற்றினால் என் உரிமத்திலேயே வெளியிடு’ என்கின்றன. ஆனால் ஒன்று வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கிறது, மற்றது அனுமதிப்பதில்லை. எந்த உரிமத்தைப் போடுவது? எதைப் போட்டாலும் தப்பு. மறுநாளே இறக்கிவிட்டேன்.

கரும்பலகை: கலந்ததுதான் கோளாறு. இரண்டையும் கைவைக்காமல் தனித்தனிப் பகுதியாக வைத்து, ஒவ்வொன்றின் கீழும் ஆசிரியர் பெயர், மூல இணைப்பு, உரிமம் எழுதியிருந்தால் அது வெறும் தொகுப்பு, அதற்குத் தடையே இல்லை. உரிமத்தைப் படிக்காமல் எடுத்துவிட்டு உரிமத்தைத் திட்டுவது என்ன நியாயம்?

பென்சில்சீவி: குறுக்கே வருகிறேன். நூலுக்கு உள்ள உரிமம் அதிலுள்ள எல்லாப் படத்துக்கும் பொருந்தும் என்று நம்பாதீர்கள். ‘அனுமதியுடன் பயன்படுத்தப்பட்டது’ என்று பட விளக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தால் அந்தப் படம் உங்களுக்கு இல்லை. அப்புறம் என்டி (மாற்றக் கூடாது) என்று முடிகிற உரிமம். மொழிபெயர்த்தோ சுருக்கியோ பகிர முடியாது. பாடம் நடத்துகிறவருக்கு அது பூட்டிய கண்ணாடி அலமாரி மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மூன்றாம்மணி: கேட்டீர்களா? இதில் தரம் பற்றி இன்னும் பேசவே இல்லை.

கரும்பலகை: பேசுங்களேன். பல பதிப்புகளாக விலைக்கே விற்ற மக்மர்ரியின் கரிம வேதியியல் 2023-ல் ஓப்பன்ஸ்டாக்ஸுக்கு வந்துவிட்டது. நேற்று வரை தரமாக இருந்தது, விலைச்சீட்டைக் கிழித்ததும் மட்டமாகிவிட்டதா?

மூன்றாம்மணி: சரி, நூல் நல்ல நூல். வினாவங்கி? விலைக்கு வாங்கும் நூலோடு வீட்டுப்பாடம், திருத்தம், மதிப்பெண் எல்லாம் சேர்ந்து வருகிறது. இங்கே அதை யார் செய்வது?

கரும்பலகை: கணிதம், புள்ளியியலுக்கு மைஓப்பன்மேத் இருக்கிறது, இலவசம், தானே திருத்தும். வேதியியலுக்கு முதல் மூன்று அத்தியாயங்களுக்கு மட்டும் கேள்விகளை நானே எழுதிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வாரம் ஆகும்.

மூன்றாம்மணி: மூன்று அத்தியாயத்துக்கே இரண்டு வாரம். எழுதி முடித்த கையோடு மேலே அந்தச் ‘சோம்பேறித்தன’த்தையும் திருத்திவிடுங்கள் சார்.