0.9 வோல்ட் காட்டும் லேப்டாப் செல்லுக்கு மறுபடி உயிர் கொடுக்கலாமா?

ஆல்பேட்டை வாசி

வணக்கம். கடலூர் ஆல்பேட்டையில் இருக்கிறேன். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தது. எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. இரவெல்லாம் அம்மா மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தார். அப்போதே முடிவு செய்துவிட்டேன், ஒரு விளக்குக்கும் வைஃபை ரவுட்டருக்கும் போதுமான பேட்டரியை நானே செய்து வைப்பது என்று.

போன ஞாயிறு புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டுக்குப் போனபோது, திரும்பும் வழியில் ஒரு காயலான் கடையில் பழைய லேப்டாப் பேட்டரி ஒன்பது கிடைத்தது. கிட்டத்தட்ட மூன்று கிலோ, 900 ரூபாய். ஒவ்வொன்றிலும் ஆறு செல், எல்லாம் 18650 அளவு, அதாவது உருளையான லித்தியம் செல். மொத்தம் 54. நிறம் நாலைந்து விதம்: இளஞ்சிவப்பு, பச்சை, சிவப்பு, நீலம்.

மல்டிமீட்டரில் பார்த்ததில் 42 செல் 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கிறது. எட்டு செல் 0.6 முதல் 1.8 வரை. நாலு செல் சுத்தமாகப் பூஜ்யம். 0.9 காட்டிய ஒன்றை டிபி4056 என்ற சின்ன லித்தியம் சார்ஜர் போர்டில் போட்டுப் பார்த்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது, வோல்ட்டும் மெதுவாக ஏறியது. அப்படியே எல்லாவற்றையும் ஏற்றிவிடலாமா? நிறம் கலந்து சேர்த்தால் தப்பா? செல்களை இணைக்க வெல்டிங் மெஷின் இல்லை, சாலிடர் வைக்கலாமா? ரவுட்டரின் பழைய 12 வோல்ட் அடாப்டரையே சார்ஜராக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுநகர் பட்டறை

தம்பி, அந்த 0.9 செல்லை இப்போதே போர்டிலிருந்து எடுங்கள். சிவப்பு விளக்கை நம்பாதீர்கள். 2.9 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் செல்லுக்கு அந்தப் போர்டு பத்தில் ஒரு பங்கு கரண்ட்டை மெதுவாக விட்டுக்கொண்டிருக்கும். செல் நல்லதா கெட்டதா என்று அதற்குத் தெரியாது.

உள்ளே நடப்பது இதுதான். செல்லுக்குள் ஒரு அலுமினியத் தாளும் ஒரு செம்புத் தாளும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாளோடு பாய் மாதிரி சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். செல் ரொம்பவும் இறங்கிப்போய் நாள்கணக்கில் கிடந்தால் அந்தச் செம்பு கரைய ஆரம்பிக்கிறது. மறுபடி ஏற்றும்போது கரைந்த செம்பு கண்ட இடத்தில் போய்ப் படியும். படிந்தது நடுத்தாளைத் தாண்டி எதிர்ப் பக்கத்தைத் தொட்டால் உள்ளேயே ஷார்ட். வெளியே இருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததை நான் தொடுவதில்லை. பூஜ்யம் காட்டும் நாலிலும் கைவைக்காதீர்கள். பிளஸ் மூடிக்குள் அழுத்தம் கூடினால் இணைப்பை அறுத்துவிடும் ஒரு தட்டு உண்டு. அது அறுந்திருந்தாலும் பூஜ்யம்தான் காட்டும். கம்பி விட்டு அதை அமுக்கிச் சரிசெய்வதாக வீடியோ போடுகிறார்கள், அந்தப் பக்கமே போகாதீர்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். என் மாமா விசைப்படகில் போகிறவர். நாலு வருடம் முன்னால் அவருக்கு ஒரு கைவிளக்கு செய்து கொடுத்தேன், நாலு செல்லை பேரலலில், அதாவது பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று சேர்த்து. அதில் ஒன்று 0.8 வோல்ட்டிலிருந்து நான் தேற்றிய செல். கெப்பாசிட்டி, அதாவது எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்று பார்த்தபோது 1900 எம்ஏஎச் (மில்லிஆம்பியர் மணி) வந்தது. மற்ற மூன்றைவிடக் கூடுதல். எனக்கு அவ்வளவு சந்தோஷம். மீன்பிடித் தடைக்காலம் வந்தது, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விளக்கு முழு சார்ஜோடு பரணில் கிடந்தது. ஜூனில் மாமா அதை எடுத்து வந்து, எரியவில்லை என்றார். திறந்து பார்த்தால் நாலு செல்லும் சேர்ந்து 1.1 வோல்ட். அந்த ஒரு செல் உள்ளுக்குள்ளேயே கசிந்து, கூட இருந்த மூன்றையும் குடித்துவிட்டது. அது தெரியாமல் நான் திரும்பச் சார்ஜ் போட்டேன். இருபது நிமிடத்தில் பட்டறையில் இனிப்பாக, நகப்பாலிஷ் மாதிரி ஒரு வாசனை. கை வைத்தால் மூன்று சாதாரணமாக இருக்கிறது, ஒன்று மட்டும் சுடுகிறது. அதன் பிளாஸ்டிக் உறை சுருங்கி மேலே ஏறி, எஃகுக் கூடு தெரிந்தது. பிடுங்கி வாசலில் மணல் வாளியில் வைத்துவிட்டு, விடியும்வரை தூங்கவில்லை. அது கடலில் படகின் அறைக்குள் நடந்திருந்தால் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து கெப்பாசிட்டி எனக்கு இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, ஏற்றிய சார்ஜை அந்தச் செல் வைத்திருக்கிறதா என்பதுதான். உங்கள் 42 செல்லையும் ஒவ்வொன்றாக 4.2 வரை ஏற்றுங்கள். கூடவே உட்கார்ந்திருங்கள். டிபி4056 போர்டு சுடும், அது அதன் இயல்பு. செல் சுடக்கூடாது. கையில் வெதுவெதுப்பாகத் தெரிந்தாலே ஒதுக்கிவிடுங்கள். முடிந்ததும் செல்லின் மேலேயே மார்க்கரில் தேதியும் வோல்ட்டும் எழுதி, ஒரு மாதம் தொடாமல் வையுங்கள். அடுத்த மாதம் அளந்தால் 4.10க்கு மேல் நிற்பது நல்ல செல். 4 வோல்ட்டுக்கு வந்தது எவ்வளவு கெப்பாசிட்டி காட்டினாலும் வேண்டாம்.

மீதி கேள்விகளுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். கெப்பாசிட்டி பார்க்கும் சார்ஜர் இல்லையென்றால் 4 ஓம், 10 வாட் வெள்ளை சிமெண்ட் ரெசிஸ்டர் ஒன்று போதும். முழு சார்ஜ் செல்லை அதில் மாட்டி, 3 வோல்ட்டுக்கு வரும்வரை நேரம் பாருங்கள். சராசரியாக 0.9 ஆம்பியர் ஓடும். இரண்டு மணி நேரம் தாங்கினால் ஏறக்குறைய 1800 எம்ஏஎச். மீட்டரை மாட்டியே வையுங்கள், மறந்து தூங்கிவிட்டால் நல்ல செல்லும் 0.9க்குப் போய்விடும்.

நிறம் வெறும் உறைதான். கெப்பாசிட்டியும் உள் எதிர்ப்பும் (கரண்ட் ஓடுவதைச் செல்லே உள்ளுக்குள் எவ்வளவு தடுக்கிறது என்பது) ஒத்துப்போக வேண்டும். ஒரே பேட்டரியிலிருந்து வந்த செல்கள் ஒரே வயது என்பதால் பெரும்பாலும் ஒத்துப்போகும். அதனால் எது எந்தப் பேட்டரியில் இருந்தது என்றும் எழுதிவையுங்கள்.

12 வோல்ட் அடாப்டர் கூடாது. மூன்று செல்லை சீரியஸில், அதாவது ஒன்றின் பிளஸ்ஸை அடுத்ததன் மைனஸில் சேர்த்து வைத்தால் முழு சார்ஜில் 12.6 வோல்ட், அதற்கென்று விற்கும் லித்தியம் சார்ஜர்தான் வேண்டும். 3எஸ் பிஎம்எஸ் போர்டு, அதாவது மூன்று செல் வரிசையை அளவுக்கு மேல் ஏறாமலும் இறங்காமலும் காக்கும் போர்டு, கட்டாயம். பிளஸ் கம்பியில் ஒரு ஃப்யூசும் போடுங்கள். ரவுட்டருக்குப் போகும் வழியில் 12 வோல்ட் நிலையாகக் கொடுக்கும் கன்வெர்ட்டர் போர்டு ஒன்று. 3எஸ்2பி, அதாவது இரண்டிரண்டு செல்லை பேரலலில் ஜோடியாக்கி மூன்று ஜோடியை சீரியஸில் கட்டினால், செல் 2000 எம்ஏஎச் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 43 வாட்ஹவர். ரவுட்டர் 7 வாட் எடுத்தால், கன்வெர்ட்டரில் வீணாவது போக ஐந்து மணி நேரம் ஓடும்.

லாஸ்பேட்டை நண்பர்

பட்டறைக்காரர் சொன்னதோடு இணைப்பு பற்றிக் கொஞ்சம்.

செல்லின் முனையில் நேரடியாகச் சாலிடர் வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இறங்கி நடுத்தாளையும் மூடியின் ரப்பர் வளையத்தையும் கெடுக்கும். லேப்டாப் பேட்டரியைப் பிரிக்கும்போது செல்களை இணைக்கும் பழைய உலோகப் பட்டையைச் செல்லிலிருந்து பிய்க்காமல், நடுவில் வெட்டி, செல்லோடு ஒரு சென்டிமீட்டர் விட்டுவைத்தால் அந்த வால் மேல் சாலிடர் வைக்கலாம். ஏற்கெனவே பிய்த்துவிட்டீர்கள் என்றால் ஸ்பாட் வெல்டிங் தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதுதான் வழி.

வெட்டும்போது மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பட்டைதான் வெட்ட வேண்டும்.

பிளஸ் முனையை உற்றுப் பாருங்கள். நடுவில் ஒரு பொத்தான், அதைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் இடைவெளி, அதற்கு வெளியே தெரியும் விளிம்பு மைனஸ். செல்லின் கூடு முழுக்கவே மைனஸ்தான், மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை மட்டும்தான் காப்பு. பழைய செல்லில் அந்த விளிம்பில்தான் உறை கிழிந்திருக்கும். அங்கே பட்டை படிந்து அழுத்தினால் ஷார்ட். பார்லி பேப்பர் என்ற காப்புத் தாளில் ஒட்டும் வளையம் கடையில் கிடைக்கிறது, ஒவ்வொரு பிளஸ்ஸுக்கும் ஒன்று ஒட்டிவிட்டுத்தான் பட்டை வைக்க வேண்டும்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. நிக்கல் பட்டை என்று விற்பதில் பாதி, இரும்பின் மேல் நிக்கல் பூசியதுதான். காந்தம் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, நிக்கலும் ஒட்டும். ஒரு துண்டைக் கத்தியால் கீறி உப்புத் தண்ணீரில் இரண்டு நாள் போடுங்கள். இரும்பாக இருந்தால் கீறலில் துரு வரும். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறோம், பூச்சுப் பட்டை வெட்டிய ஓரத்திலிருந்தே பூத்துவிடும். என் சைக்கிள் விளக்கு ஒன்று ஒரே மழைக்காலத்தில் அப்படித்தான் போனது.

ஆல்பேட்டை வாசி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். அண்ணன் சொன்னபடியே செய்தேன்.

42இல் நாலு செல் சார்ஜ் ஏறும்போதே வெதுவெதுப்பாயின, ஒதுக்கிவிட்டேன். மீதி 38ஐத் தேதி எழுதி அம்மாவின் பழைய முறுக்கு டப்பாவில், பிளாஸ்டிக் டப்பாதான், வரிசையாக அடுக்கி வைத்தேன். போன சனிக்கிழமை அளந்தபோது 32 செல் 4.12க்கு மேல். ஐந்து செல் 3.9 பக்கம். ஒன்று மட்டும் 3.61. அந்த 3.61 முன்பு 3.7 வோல்ட்டோடு வந்த அழகான பச்சைச் செல், கீறல்கூட இல்லை. அது எனக்கு நம்பவே முடியவில்லை.

32இல் 22 செல் ரெசிஸ்டர் சோதனையில் 1800க்கு மேல் வந்தன. அதிலிருந்து ஆறு எடுத்திருக்கிறேன்: 2050, 2000, 1980, 1970, 1960, 1900. பெரிய இரண்டை ஒரு ஜோடியாக வைத்து அப்படியே இறங்கி வரலாமா அண்ணா?

முதுநகர் பட்டறை

ரொம்பப் பொறுமையாகச் செய்திருக்கிறீர்கள், மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் பெரியதோடு பெரியதைச் சேர்க்க வேண்டாம். அப்படி வைத்தால் முதல் ஜோடி 4050, கடைசி ஜோடி 3860. கடைசி ஜோடி ஒவ்வொரு தடவையும் முதலில் காலியாகி சீக்கிரம் கிழமாகும். 2050ஐ 1900உடன் வையுங்கள், 3950. 2000உடன் 1960, 3960. 1980உடன் 1970, 3950. மூன்றும் கிட்டத்தட்ட சமம்.

சேர்ப்பதற்கு முன் ஆறும் ஒரே வோல்ட்டில் இருக்க வேண்டும். கட்டி முடித்ததும் முதல் பத்து நாள் வீட்டுக்குள் வேண்டாம், திண்ணையில் வைத்து ஏற்றி இறக்கிப் பாருங்கள். அம்மாவிடம் அந்த இனிப்பு வாசனையைப் பற்றியும் சொல்லிவையுங்கள், வந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் நல்ல செல்களை முழு சார்ஜில் வைக்காமல் 3.7 பக்கம் இறக்கி நிழலில் வையுங்கள்.

ஆரம்பத்திலேயே இறங்கியிருந்த 12, வெதுவெதுப்பான 4, சார்ஜ் நிற்காத 6 என்று ஒதுக்கிய 22 செல்லும் குப்பை வண்டிக்குப் போகக்கூடாது. வண்டியில் நசுங்கினால் அங்கேயே பற்றும். 2022இல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள்படி இதைத் தனியாகத்தான் ஒப்படைக்க வேண்டும். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். நான் வருடத்துக்கு ஒரு தடவை அங்கீகாரம் பெற்ற மின்கழிவுக்காரரிடம் கொடுக்கிறேன், அடுத்து கொடுக்கும்போது இங்கே எழுதுகிறேன், முதுநகர் வந்து பட்டறையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தப் பச்சைச் செல்லை மட்டும் தனியாகக் கட்டிக் கொண்டுவாருங்கள், அதன் உள் எதிர்ப்பு எவ்வளவு என்று பார்க்க எனக்கு ஆசை.