புதுப்பிப்பு: வரையும் அம்மாவுக்குத் தோழி கிடைத்தாளா?

"மகள் பிறந்தபின் நீர்வண்ணத்தை மறுபடி கையில் எடுத்திருக்கிறேன். இலை, பாசி, ஈரச் சுவர் என்று வரையும் கிறுக்கு எனக்கு. இதே ரசனையுள்ள தோழிகளை எங்கே தேடுவது?" என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஓவிய வகுப்பு யோசனை மகளின் தூக்க நேரத்தோடு மோதி இரண்டே வாரத்தில் நின்றது. பலித்தது, "பூங்காவில் உட்கார்ந்து வரையுங்கள்" என்றதுதான். தண்ணீர் நிரப்பும் பிரஷ், அஞ்சலட்டை அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) கனமான தாள் போதும். மெல்லிய தாள் நனைந்ததும் நெளிந்துவிடுகிறது. நாலு நாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் ஈர வண்ணத்தின் மேல் கல்லுப்பு தூவினேன். உப்பு நீரை உறிஞ்ச, சுற்றிலும் வண்ணம் வெளுத்து நட்சத்திரம் நட்சத்திரமாக விரிந்தது. முதலில் குழந்தைகள் ஓடி வந்தார்கள், பின்னாலேயே அம்மாக்கள்.

எதிர்பாராதது ஒன்று: நெருங்கிய தோழியானவர், பேரனைக் கூட்டிவந்த ஒரு பாட்டி. பூத்தையல் போடுபவர். என் பாசிப் படத்தை வாங்கிப்போய், பச்சை நூலில் முடிச்சு முடிச்சாகத் தைத்துக் கொண்டுவந்து காட்டினார்! என் வயதில் ஒருத்தியை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அப்புறம், தாள் முழுக்கக் காய்ந்த பிறகே உப்பைத் தட்டிவிடுங்கள். ஈரத்தில் தொட்டால் வண்ணம் இழுபட்டுவிடும்.