ஜப்பானிய மேப்பிள்: எந்தப் பக்கம் நடுவது?

கேள்வி:
'பிளட்குட்', 'கிரிம்சன் குயீன்' என்ற ரகங்களில் இரண்டு ஜப்பானிய மேப்பிள் (அழகுக்கு வளர்க்கும் சிறு மரம்) கன்றுகள், இரண்டுமே சிவப்பு இலை. மூன்று இடங்கள் இருக்கின்றன: பிற்பகல் வெயில் அடிக்கும் மேற்குச் சுவரோரம், காலை வெயில் மட்டும் விழும் கிழக்குப் பக்கம், நாள் முழுதும் நிழலான மரத்தடி. நிழலில் சிவப்பு மங்கிவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
இரண்டையும் கிழக்கில் நடுங்கள். இது காட்டில் பெரிய மரங்களின் கீழ் வளரும் இனம். காலை வெயில் 4 முதல் 6 மணி நேரம் கிடைத்தால் தாராளம். மேற்குச் சுவரோரம் வேண்டவே வேண்டாம். வெயிலோடு, சுவர் கக்கும் சூடும் சேரும். வேர் உறிஞ்சுவதைவிட வேகமாக இலை நீரை இழப்பதால், மண் ஈரமாக இருக்கும்போதே இலையோரம் கருகும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் மேலும் தண்ணீர் ஊற்றினால் வேர் அழுகும். கருகலைவிட அதுதான் ஆபத்து.

நிறம் பற்றிக் கேள்விப்பட்டது உண்மைதான். சிவப்பைத் தரும் ஆந்தோசயனின் உருவாக வெளிச்சம் வேண்டும். அடர் நிழலில் பிளட்குட்கூடப் பச்சை கலந்த பழுப்பாகிவிடும்.

பதில் 2:
கிழக்கிலும் நிழல் முதலில் வந்து சேரும் மூலையைக் கிரிம்சன் குயீனுக்குக் கொடுங்கள். அதன் இலை மெல்லிய கீற்றுகளாகப் பிளந்தது, சீக்கிரம் தீயும். வெள்ளை படர்ந்த இலை ரகங்கள் இன்னும் மென்மையானவை. வெள்ளைப் பகுதிதான் முதலில் கருகும்.

கேள்வி கேட்டவர்:
கன்றுகள் இப்போது நிழல்வலைக்குள் இருக்கின்றன. உடனே நடலாமா?

பதில் 1:
இலை உதிர்ந்திருக்கும் பருவத்தில் நடுவதே நல்லது. வெயிலில் துளிர்க்கும் இலை வெயிலுக்கு ஏற்றபடியே வளரும். நிழலில் விரிந்த இலை திடீர் வெயிலைத் தாங்காது. இப்போதே நடுவதானால், முதலில் தொட்டியோடு காலையில் 1 மணி நேரம் வெயிலில் வையுங்கள். 10 முதல் 14 நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டுங்கள். நட்ட பிறகு 5 முதல் 8 செ.மீ. மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, மரப்பட்டை போன்றவை) போடுங்கள், தண்டைத் தொடாமல்.

பதில் 3:
கருகலுக்கெல்லாம் வெயில் காரணமில்லை. வெயில் படும் பக்கத்து இலைகள் மட்டும் கருகினால் வெயில். நிழல் பக்கமும் சேர்த்து, மரம் முழுதும் ஓரம் காய்ந்தால் உப்புத் தண்ணீரையோ உரம் மிகுந்ததையோ சந்தேகியுங்கள். கருகிய இலை மீளாது. அதற்காகத் தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் போடாதீர்கள். அந்த உரத்தில் வரும் இளந்துளிர்தான் அடுத்த வெயிலுக்கு முதலில் கருகும்.