சந்திரசேகரைப் பற்றி எங்கள் குடும்பக் குழுவில்

யாழினி: பெரியப்பா, வணக்கம். கோட்பாட்டு வானியற்பியலில் ஆய்வு செய்ய விரும்புகிறேன் என்று சொன்னதிலிருந்து, தொலைநோக்கியே இல்லாமல் நட்சத்திரத்தை எப்படி ஆராய்வாய் என்று அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். நீங்கள்தான் விளக்க வேண்டும்.

மன்னார்குடி பெரியப்பா: செல்வம், கணக்குப் போட்டே ஆராயலாம். திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமனின் அண்ணன் மகன், வானியற்பியலாளர் சந்திரசேகரையே எடுத்துக்கொள். 1930இல் கேம்பிரிட்ஜில் படிக்கக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. எரிபொருள் தீர்ந்த நட்சத்திரம் தன் எடையாலேயே சுருங்குகையில், நெருக்குண்ட எலக்ட்ரான்களின் அழுத்தம் அதைத் தாங்கி வெண்குறுமீனாக நிறுத்திவிடும் என்று கேம்பிரிட்ஜ் இயற்பியலாளர் ஃபவுலர் ஏற்கெனவே காட்டியிருந்தார். அந்த எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கினால் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் கணக்கில் சேர்க்க வேண்டுமே என்று இவர் சேர்த்துப் பார்த்தார். ஓர் எல்லைக்கு மேல் நிறை போனால் அழுத்தம் தாங்காது என்று விடை வந்தது. சூரியனின் நிறையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்பதே அந்த எல்லை.

செல்வம்: கப்பலிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்றும், எடிங்டன் என்ற புகழ்பெற்ற வானியலாளர் கேலி செய்ததால் அவர் அத்துறையையே விட்டு ஓடிவிட்டார் என்றும் நேற்று ஒரு ஃபார்வர்டு வந்ததே, அண்ணா?

மன்னார்குடி பெரியப்பா: அதில் பாதிதான் சரி. அந்தக் காலத்திலேயே ஆண்டர்சன், ஸ்டோனர் ஆகிய இயற்பியலாளர்களும் அப்படி ஓர் எல்லையைக் கணித்திருந்தார்கள். சந்திரசேகர் 1931இல் வெளியிட்ட மதிப்புகூடச் சூரிய நிறையில் 0.91 மடங்குதான், நட்சத்திரம் எதனால் ஆனது என்ற அனுமானத்தைத் திருத்திய பிறகே 1.44 கிடைத்தது. முழுக் கணக்கையும் முடித்து 1935 ஜனவரி 11 அன்று லண்டன் ராயல் வானியல் கழகத்தில் அவர் வாசித்தளித்தபோது, அடுத்துப் பேசிய எடிங்டன், நட்சத்திரம் இப்படி அபத்தமாக நடந்துகொள்ளாமல் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அவை சிரித்தது. ஆனால் ஓடிப்போனார் என்பதை நான் ஏற்க மாட்டேன். 1937இல் அமெரிக்காவின் யெர்கிஸ் வானாய்வகத்தில் சேர்ந்து, 1939இல் நட்சத்திரங்களின் அமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்ட பிறகுதான் நகர்ந்தார். அதற்கப்புறமும் அதே வழக்கம்தான்: விண்மீன்களின் இயக்கம், கதிர்வீச்சின் பரவல், பாய்மங்களின் நிலைத்தன்மை, கருந்துளை என்று ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கணக்கில் உழைத்து, ஒரு பெரிய நூலாக எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார்.

திருவாரூர் அத்தை: சம்பா அறுப்புக்கு முன்னாலேயே ஈரம் காயாமல் உளுந்து தெளிக்கிறோமே, அது மாதிரி நிலத்தைச் சும்மா போடாத மனிதர் போலிருக்கிறது.

மன்னார்குடி பெரியப்பா: ஆமாம் அக்கா, உளுந்துக்கு எழுபது நாள் போதும், அவருக்குப் பத்தாண்டு வேண்டியிருந்தது. இதற்கிடையே 1952 முதல் 1971 வரை அமெரிக்காவின் முதன்மையான வானியற்பியல் ஆய்விதழுக்கு ஆசிரியராகவும் இருந்தார். நோபல் பரிசு கிடைத்தது 1983இல்.

செல்வம்: எழுபது வயதுக்கு மேல் வரும் பரிசை நம்பி நான் பெண்ணை அனுப்ப முடியுமா, அண்ணா?

மன்னார்குடி பெரியப்பா: பரிசை நம்பி யார் அனுப்பச் சொன்னார்கள்? முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்தே உதவித்தொகை உண்டு. பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனமும் சென்னை கணித அறிவியல் நிறுவனமும் ஜெஸ்ட் என்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணைப் பார்க்கின்றன. யாழினி, பழைய வினாத்தாள்களில் குவாண்டம் இயங்கியலையும் புள்ளியியல் இயற்பியலையும் முதலில் போட்டுப் பார். வெண்குறுமீன் கணக்குக்கு அந்த இரண்டும்தான் அடிப்படை.

யாழினி: சரி பெரியப்பா. புள்ளியியல் இயற்பியலில் எலக்ட்ரான் போன்ற துகள்களின் கூட்டத்தை விளக்கும் ஃபெர்மி வாயு பாடம்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு மன்னார்குடிக்கு வருகிறேன்.