கலைச்சொல் தேவை: பாஷ்லார் சொல்லும் ‘எபிஸ்டமாலஜிக்கல் அப்ஸ்டகிள்’

குழுவினருக்கு வணக்கம்.

கல்வியியல் மாணவர்களுக்கான வாசிப்பு நூலுக்காக, பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியர் கஸ்தோன் பாஷ்லாரைப் பற்றிய கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும்.

வாழ்க்கைப் பகுதி முடிந்துவிட்டது. 1884இல் ஷாம்பாஞ் பகுதியில் பார்-சுர்-ஓப் என்ற சிற்றூரில் பிறக்கிறார். தாத்தா செருப்புத் தைப்பவர். படிப்பு முடிந்ததும் தபால் துறையில் வேலை. பாரிஸில் தபால் வேலை பார்த்துக்கொண்டே 1912இல் கணிதப் பட்டம் வாங்குகிறார். 1914 ஜூலையில் கல்யாணம், ஆகஸ்டில் படைக்கு அழைப்பு. பதுங்கு குழிகளில் கழிந்த போருக்குப் பிறகு 1919இல் சொந்த ஊர்ப் பள்ளியில் இயற்பியலும் வேதியியலும் கற்பிக்கத் தொடங்குகிறார். மறு ஆண்டே மனைவி இறந்துவிடுகிறார். கைக்குழந்தை சுசானை வளர்த்துக்கொண்டே தத்துவம் படித்து, 1927இல் பாரிஸின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம். 1930இல் திஜோன் பல்கலைக்கழகம், 1940 முதல் 1954 வரை சோர்போன்.

நான் நிற்பது 1938இல் வந்த அவருடைய விஞ்ஞான மன உருவாக்கம் பற்றிய நூலின் மையக் கருத்தில். புதிதாக ஒன்றை அறியவிடாமல் நம்மைத் தடுப்பது பொருளின் சிக்கலோ புலன்களின் பலவீனமோ அல்ல, அறியும் செயலுக்குள்ளேயே இருக்கும் ஒன்று, குறிப்பாக நாம் ஏற்கெனவே அறிந்து வைத்திருப்பது என்கிறார். எபிஸ்டமாலஜி என்பது அறிவு எப்படி உருவாகிறது என்று ஆராயும் துறை, அறிவாய்வியல். அதனால் இதற்கு ‘அறிவாய்வியல் தடை’ என்று போட்டால் மாணவர் அதை ஒரு பாடப்பிரிவில் வரும் தடை என்றுதான் எடுத்துக்கொள்வார். உதவுங்கள்.

— ந.

*

ந. அவர்களுக்கு,

‘அறிதடை’ என்று வையுங்கள். வினைத்தொகை. அறிந்த தடை, அறிகின்ற தடை, அறியும் தடை என மூன்று காலமும் ஒரே சொல்லில் அடங்கும். தடை அறியும் செயலுக்குள்ளேயே இருக்கிறது என்பதுதானே அவர் கருத்து? ‘இயல்’ வால் எதற்கு? இயல், இயலியல் என்று அடுக்கி அடுக்கித்தான் நம் கலைச்சொற்களை யாரும் வாயில் வைப்பதில்லை.

— வே.

*

வே. ஐயா, வினைத்தொகை என்பதால் மட்டும் அந்தப் பொருள் வந்துவிடாது. பெயரெச்சம் கொள்ளும் பெயர்களை நன்னூல் ஆறாகச் சொல்கிறது: செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள். ‘குடிநீர்’ என்றால் குடிக்கப்படும் நீர். அந்த வழக்கில் ‘அறிதடை’யைப் படிப்பவர் ‘அறியப்பட்ட தடை’ என்றே கொள்வார். பாஷ்லாரின் தடையோ தடை என்றே தெரியாமல் உள்ளே உட்கார்ந்திருப்பது. பொருள் நேர் எதிராகப் போகிறது.

‘அறிவுத்தடை’ போதும். அறிவுக்குத் தடை என்றும் விரிக்கலாம், அறிவால் வரும் தடை என்றும் விரிக்கலாம். தொகையை விரிக்கையில் பொருள் பலவாக மயங்கும் என்பதை இலக்கணமே ஒப்புகிறது. இங்கே அந்த மயக்கம்தான் வேண்டும். தடுக்கப்படுவதும் அறிவு, தடுப்பதும் அறிவு.

— ப.

*

எல்லோருக்கும் வணக்கம். நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். எந்தச் சொல்லானாலும் சரி, கரும்பலகையில் எழுதினால் பிள்ளைக்குப் புரிய வேண்டும்.

பாஷ்லார் தரும் ஓர் உதாரணம் என் வகுப்பில் அப்படியே நடக்கும். மிதக்கும் பொருள். வாளித் தண்ணீரில் மரக்கட்டையைப் போட்டு, கையால் உள்ளே அமுக்கச் சொல்வேன். “டீச்சர், கட்டை எதிர்க்குது, மேல வரப் பாக்குது” என்பார்கள். தண்ணீர் தள்ளுகிறது என்று ஒரு பிள்ளைகூடச் சொல்லாது. கையில் படுவது கட்டை, அதனால் வேலை செய்வதும் கட்டைதான். இந்த எண்ணத்தைக் கிளறி எடுக்காமல் ஆர்க்கிமிடீஸ் விதியை எழுதிப்போட்டால், விதியை மனப்பாடம் செய்துகொண்டு பழைய எண்ணத்தையும் அப்படியே வைத்துக்கொள்வார்கள். பிள்ளைக்கு ஏன் புரியவில்லை என்பது மற்ற ஆசிரியர்களைவிட விஞ்ஞான ஆசிரியர்களுக்குத்தான் புரிவதே இல்லை என்று பாஷ்லார் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். பள்ளியில் பல ஆண்டு நின்று பாடம் நடத்திய மனிதரால்தான் அப்படி எழுத முடியும்.

‘முட்டுக்கட்டை’ என்ற சொல் இருக்கும்போது எதற்குத் தேடுகிறோம்? ‘அறிவு முட்டுக்கட்டை’. யாருக்கும் விளக்க வேண்டாம்.

— செ.

*

செ. அம்மா சொன்ன உதாரணம் அருமை. ஆனால் முட்டுக்கட்டை வெளியிலிருந்து ஒருவர் போடுவது. “முட்டுக்கட்டை போடுறான்” என்றுதான் பேசுகிறோம். இது உள்ளே தானாக வளர்வது.

சைவ சித்தாந்தத்தில் இதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று உண்டு: பாச ஞானம். கருவிகளாலும் சொல்லாலும் வரும் அறிவு. அதுவும் அறிவுதான், அதுவே கட்டும். அதற்கும் முன்னால் மணிமேகலை இருக்கிறது. சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் எட்டுப் பிரமாண ஆபாசங்கள், அதாவது சரியான அறிவு போலத் தோன்றும் போலிகள், வருகின்றன: சுட்டுணர்வு, திரியக் கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. ‘தேராது தெளிதல்’ என்பதைப் பாருங்கள். ஆராயாமலே தெளிந்துவிட்டேன் என்று நிற்பது. பாஷ்லார் முதல் தடையாகச் சொல்லும் ‘முதல் அனுபவம்’ இதுவேதான். தேரான் தெளிவு தீரா இடும்பை தரும் என்று குறளும் சொல்லிவிட்டது. ‘தேராத் தெளிவு’ என்றே ஏன் வைக்கக்கூடாது?

— ப.

*

ப. ஐயா, ‘தேராத் தெளிவு’ அழகான சொல். ஆனால் அது தடைகளில் ஒரு வகைக்கு மட்டும் பொருந்தும். சொல் தடை என்று பாஷ்லார் ஒன்று சொல்கிறாரே, அதை எதில் சேர்ப்பது? அவர் காட்டும் பழைய விஞ்ஞானிகளில் ரெயோமூர் காற்றை விளக்கக் கடற்பஞ்சைக் கொண்டுவருகிறார், பிராங்க்ளின் மின்சாரத்துக்கும் அதே பஞ்சைக் கொண்டுவருகிறார். ‘பஞ்சு மாதிரி’ என்று சொன்னவுடன் விளக்கிவிட்டதாகவே ஆகிவிடுகிறது. அது தேராமல் தெளிந்தது மட்டும் இல்லை, உவமை விளக்கத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

பாச ஞானத்தையும் ஏற்க முடியவில்லை. பாசம் நீங்கத் திருவருள் வேண்டும். இவர் சொல்லும் தடையோ விஞ்ஞானம் தன் பிழையைத் தானே திருத்தும்போது உடைகிறது.

எங்கள் பக்கம் ‘அறிவாராய்ச்சியியல்’ என்று பாடநூல்களில் வழங்கி வந்திருக்கிறது. துறைப் பெயரை முழுதாக வெட்டிவிட்டால் மாணவர் வேறு நூலில் இக்கருத்தைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். ஒரு முறையாவது ‘அறிவாராய்ச்சியியல் தடை’ என்று காட்டுங்கள். இன்னொன்று: பிரெஞ்சு மார்க்சியத் தத்துவ ஆசிரியர் அல்துசேர் மார்க்ஸைப் பற்றி எழுதும்போது எடுத்தாண்ட ‘முறிவு’ (விஞ்ஞானம் பழைய அறிவிலிருந்து அறுத்துக்கொண்டு போவது) பாஷ்லாரிடமிருந்து போனது. தடைக்குச் சொல் வைக்கும்போது முறிவையும் சேர்த்து யோசியுங்கள். தடை ‘அறிவு’ என்றால் முறிவும் ‘அறிவு முறிவு’ ஆகும், அதைப் படிப்பவர் புத்தி பேதலித்தது என்று நினைப்பார்.

— யோ., யாழ்ப்பாணம்

*

யோ. நல்ல இடத்தைத் தொட்டார். அதனால்தான் ‘அறிமுறிவு’ என்கிறேன். அறிதடை, அறிமுறிவு. இரண்டும் ஒரே அச்சு.

‘தடை’ என்ற சொல்லையும் கொஞ்சம் தோண்டுவோம். தடு > தடை. ‘தட’ அடியில் ‘தடம்’ இருக்கிறது, வழி என்று பொருள். வழியும் மறிப்பும் ஒரே வேரா என்பது என் நெடுநாள் ஆராய்ச்சி. கால் பட்டுப் பட்டுத் தடம் ஆகிறது, அதே தடம் அடுத்தவனை வேறு பக்கம் போகவிடாமல் தடுக்கிறது. பாஷ்லார் சொல்வதும் இதுதான்: ஒரு காலத்தில் வழியாக இருந்த அறிவே பின்னால் மறிப்பாகிறது. ‘அப்ஸ்டகிள்’ என்பதன் லத்தீன் மூலமோ எதிரே நிற்பது என்ற அளவில் நின்றுவிடுகிறது. நம் சொல் அதைவிட ஆழம்.

— வே.

*

வே. ஐயா, தடமும் தடையும் ஒரே வேர் என்பதற்குச் சான்று வேண்டும். பொருள் ஒத்துவருகிறது என்பதே சான்றாகாது. பஞ்சு உவமைக்கு யோ. சொன்னது இதற்கும் பொருந்தும்.

— ப.

*

வேறு ஒரு விஷயம். ‘கொலேஜ்’ என்பதைக் கல்லூரி என்றும் ‘ப்ரொஃபெஸர்’ என்பதைப் பேராசிரியர் என்றும் பலர் போட்டுவிடுகிறார்கள். பார்-சுர்-ஓபில் பாஷ்லார் இருந்தது ஊர் உயர்நிலைப் பள்ளி. 1922இல் தேறிய அக்ரெகாசியோனையும் ‘ஆசிரியர் தகுதித் தேர்வு’ என்று எழுத வேண்டாம், நம் டெட் தேர்வுதான் மனதில் வரும். அது இடங்கள் எண்ணப்பட்ட போட்டித் தேர்வு. ‘ஆசிரியப் போட்டித் தேர்வு’ என்றால் போதும். கல்வியியல் மாணவருக்கு இவர் பள்ளி ஆசிரியராக இருந்துதான் இந்தக் கருத்துக்கு வந்தார் என்பது தெரியாமல் போனால் கட்டுரையே வீண்.

— செ.

*

நண்பர்களுக்கு நன்றி. செ. சொன்ன இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தலைச்சொல்லாக ‘அறிவுத்தடை’யை வைக்கிறேன், தனி மடலில் எழுதியவர்களிலும் பெரும்பாலோர் அதையே சொன்னார்கள். முதலில் வரும் இடத்தில் யோ. சொன்ன நீண்ட வடிவம். முறிவை இப்போதைக்கு வெறும் ‘முறிவு’ என்று விடுகிறேன்.

— ந.

*

பெரும்பான்மை சரி, நான் உடன்படவில்லை என்பதைப் பதிவில் வைத்துக்கொள்ளுங்கள். ‘அறிவுத்தடை’ என்றால் நாளைக்கே ஒருவர் மூளைவளர்ச்சிக் குறைபாட்டுக்கு அதை எழுதுவார். தடம், தடை பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.

— வே.

*

ந., அச்சில் எதைப் போட்டாலும் வகுப்பில் நான் முட்டுக்கட்டை என்றுதான் சொல்வேன். மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் வியாழன் மாலைக்குள் அனுப்புங்கள்.

— செ.