புதுப்பிப்பு: ஃப்ளூயிட் மெக்கானிக்ஸைத் தள்ளிப்போடவில்லை

அமெரிக்காவில் வேளாண்-உயிரியல் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சுமை தாங்கவில்லை, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸை (நீர், காற்று போன்றவை எப்படி ஓடுகின்றன என்ற பாடம்) நான்காம் ஆண்டுக்குத் தள்ளலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "வேண்டாம் தம்பி" என்ற அண்ணன்மார் சொன்னதுதான் சரி.

ஆலோசகர் ஒரு தாளில் எல்லாப் பாடங்களையும் எழுதி அம்புக்குறி போட்டார். கால்குலஸ், ஸ்டாடிக்ஸ், டைனமிக்ஸ் எல்லாம் ஃப்ளூயிட்ஸில் போய் முட்டின. அங்கிருந்துதான் மண்-நீர்ப் பொறியியலுக்கு வழி. எங்கள் துறையில் மண்-நீர்ப் பாடமோ வருடத்துக்கு ஒருமுறை, ஸ்பிரிங் செமஸ்டரில் மட்டும். தவறவிட்டால் பட்டமே ஒரு வருடம் தள்ளிப்போகும். பாடம் என்று பார்த்தாலும், வடிகால் வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு மேனிங் சமன்பாடு வேண்டும். ஃப்ளூயிட்ஸ் தெரியாமல் அதை மனப்பாடம் செய்து என்ன பயன்?

அதனால் பொருளாதாரப் பாடத்தைத் தள்ளினேன், அது எந்த செமஸ்டரிலும் கிடைக்கும். தெர்மோ (வெப்ப இயக்கவியல்) இருந்த இடத்திலேயே இருக்கிறது (அதைப் பற்றிப் புலம்பத் தனி இழை வேண்டும்).

அப்புறம், சிலர் கேட்ட எஃப்.இ. தேர்வு (அமெரிக்காவில் பொறியாளர் உரிமத்துக்கான முதல் தேர்வு). மொத்தம் 110 கேள்விகள். வேளாண் பொறியியலுக்கென்று தனித் தேர்வு இல்லை, 'பிற துறைகள்' பிரிவில்தான் எழுதப் போகிறேன். அதிலும் ஃப்ளூயிட்ஸ் உண்டு.