கோயில் பக்கத்து வீட்டு விண்ணப்பம்: வழக்கு வேண்டாம், புதிதாக வரைந்து கொடுப்போம்

சங்க உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

கோயிலுக்கு மேற்கே சங்கம் வாங்கிக் கொடுத்த நிலத்தில் வீடு கட்டப் போட்ட விண்ணப்பம் மறுக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அதிலிருந்து இங்கே இரண்டு பேச்சுதான் ஓடுகிறது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் (அரசு ஆணையை எதிர்த்து நேரே போடும் மனு) போடுவோம் என்கிறார் சிங்கப்பூர் அண்ணன். சோழர் காலத்துக் கோயிலை மறைத்து வீடு எதற்கு, மறுத்தது நல்லதுக்குத்தான் என்கிறார் டொராண்டோ அக்கா. மறுப்பாணையையும் நம் தரப்பில் கொடுத்த வரைபடங்களையும் ஊரிலிருந்து வாங்கி முழுசாகப் படித்தேன். அந்த வரைபடத்துக்கு அந்தப் பதில்தான் வரும். ஆனால் வரைபடம் தள்ளுபடி ஆனதால் அந்தக் குடும்பங்களின் வீடும் தள்ளுபடி என்று நாம் விட்டுவிடக் கூடாது. மறுபடி வரைவோம், மறுபடி கொடுப்போம். இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

யாருக்காக இந்த வீடுகள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். இதுவரை வந்த மடல்களில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி விடிவதற்குள் கஜா புயல் நம் புதுக்கோட்டைப் பக்கம் செய்துவிட்டுப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தென்னையும் பலாவும் போனதைப் பற்றி அப்போது நிறையப் பேசினோம், பணமும் அனுப்பினோம். குளத்துக்கரைத் தெருவில் அன்றைக்குக் கூரை பறந்த வீடுகள் சில இன்னும் தார்ப்பாயும் தகரமுமாகத்தான் நிற்கின்றன. இப்போது கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். குளத்துக்கரைத் தெரு முழுக்க, பாதுகாக்கப்பட்ட சின்னமான நம் கோயிலைச் சுற்றியுள்ள தடை எல்லைக்குள் இருப்பதால், அரசே பணம் கொடுத்தாலும் அந்த இடத்தில் புதுவீடு எழுப்ப முடியாது. அதற்காகத்தான் மேற்கே நிலம் வாங்கினோம். கோயிலைக் காப்பாற்றும் சுமையை அந்த ஒரு தெரு மட்டும் சுமக்கிறது, அக்கா. வெளிநாட்டில் இருந்துகொண்டு 'மறுத்தது நல்லது' என்று நாம் எழுதும்போது அவர்கள் வாசலில் நின்று இதைச் சொல்வோமா என்று ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

அதே சமயம் சட்டத்தைத் திட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. 1958ஆம் ஆண்டின் பழமையான நினைவுச்சின்னங்கள் சட்டம் 2010இல் திருத்தப்பட்டது. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதுக் கட்டுமானமே கூடாது. பொதுப்பணி என்ற பெயரில் அரசுகூடக் கட்ட முடியாது. அதைத் தளர்த்த ஒரு திருத்த மசோதா 2018 ஜனவரியில் மக்களவையில் நிறைவேறியது, மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்குப் போனது, சட்டமாகவில்லை. இரண்டாவது வட்டத்தில் அனுமதி வாங்கிக் கட்டலாம். இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்குக் கங்கைகொண்ட சோழபுரம் ஒன்றே போதும். 1836இல் கொள்ளிடத்தில் கீழணை கட்டும்போது அந்தக் கோயிலின் மதிலையும் சுற்று மண்டபங்களையும் பிரித்துக் கல்லை வண்டி ஏற்றினார்கள். அதுவும் ஊருக்கு நல்லது என்று, பாசனத்துக்காகச் செய்த வேலைதான். ராஜேந்திரன் கட்டியதில் இன்று நாம் பார்ப்பது அதற்குப் பிறகு மிஞ்சியதை. நம் ஊர்க் கோயிலில் கல்வெட்டு உள்ள அதிட்டானம் (அடித்தளக் கல்வரிசை) முழுசாக இருக்கிறதென்றால், யாரோ ஒரு கட்டத்தில் கூடாது என்று சொன்னதால்தான்.

இனி நம் வரைபடத்துக்கு வருகிறேன். முதல் பிழை அளவில். தூரத்தை விமானத்தின் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) நடுவிலிருந்து எடுத்திருக்கிறார்கள். கைப்பேசி வரைபடத்தில் கோயில் பெயர் இருக்கும் புள்ளியிலிருந்து கோடு இழுத்தாலும் இப்படித்தான் வரும். சட்டம் சொல்வது பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து. பாதுகாக்கப்பட்டது என்று அறிவிக்கப்பட்ட புல எண்ணுக்குள் (நில அளவை எண்) மதிலும் வருகிறது, திருக்குளமும் வருகிறது. குளத்தின் மேற்குக் கரையிலிருந்து அளவுச் சங்கிலி பிடித்தால் நம் நிலத்தின் கிழக்குப் பட்டை 100 மீட்டருக்கு உள்ளே விழுகிறது. அந்தப் பட்டையில்தான் முதல் வரிசை வீடுகள் வரையப்பட்டிருந்தன. முதல் வரிசை சட்டப்படி நடக்காத காரியம். அதை மொத்த விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்ததால் பின்வரிசையும் சேர்ந்து போய்விட்டது.

இரண்டாவது, உயரம். மாடி வைத்த தொகுப்பு வீடுகள், ஒரே நீளச் சுவராக, தட்டையான கான்கிரீட் கூரை, மேலே வரிசையாகக் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள். மேற்கு ரோட்டிலிருந்து ஊருக்குள் வருகிறவர்கள் முதலில் பார்ப்பது விமானத்தை. இந்த வரைபடப்படி கட்டினால் அவர்கள் பார்ப்பது தொட்டிகளை. மறுப்பாணையில் இதை ஒரே வரியில் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் எனக்கு அதுதான் மிக நியாயமான காரணமாகப் படுகிறது.

மூன்றாவதைப் பற்றி ஆணையில் பெரிதாக ஒன்றும் இல்லை, நான்தான் கவலைப்படுகிறேன். கழிவுநீர். எல்லா வீட்டுக்கும் தனித்தனி உறிஞ்சுகுழி குளத்துப் பக்கம் காட்டப்பட்டிருக்கிறது. நிலம் கிழக்கே சாய்கிறது. அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். குளத்தில் தண்ணீர் கெட்டால் கோயிலும் கெடும், தெருவும் கெடும்.

சரி, வழக்கு ஏன் வேண்டாம்? சட்டத்தின் 20-டி பிரிவுப்படி விண்ணப்பம் தகுதி அதிகாரியிடம் (அனுமதி தரும் அதிகாரி) போகும்; அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும்; ஆணையம் இரண்டு மாதத்தில் பரிந்துரை சொல்ல வேண்டும்; அது வந்த ஒரு மாதத்தில் அதிகாரி முடிவைத் தெரிவிக்க வேண்டும். ஆணையத்தின் பரிந்துரையே இறுதியானது என்று சட்டமே சொல்கிறது. மேல்முறையீட்டுக்கு என்று ஒரு படி இல்லை, ரிட் மட்டும்தான் இருக்கிறது. ரிட்டில் நீதிமன்றம் பார்ப்பது முறைப்படி நடந்ததா, நம் தரப்பைக் கேட்டார்களா என்பதைத்தான். நாமே தப்பான அளவு கொடுத்திருக்கும்போது அங்கே போய் என்ன சொல்வது? வென்றாலும் 'மறுபடி பரிசீலியுங்கள்' என்று அதே மேசைக்குத்தான் திரும்பி வரும், அதே வரைபடத்தோடு. இடையில் எத்தனை மழைக்காலம் போகும் என்று தெரியாது. நேரே அந்த மேசைக்கு நல்ல வரைபடத்தோடு போவோம் என்கிறேன்.

நான் இருக்கும் இங்கிலாந்தில் 100 மீட்டர் என்று ஒரு கோடு கிடையாது. பட்டியலிடப்பட்ட பழைய கட்டடத்தின் சூழலுக்கும் சேர்த்துத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக எடைபோடுவார்கள். வீடு கட்டும் விண்ணப்பம் மறுக்கப்பட்டால் பொதுவாக ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் விவரம் தெரிந்தவர்கள் மறுப்புக் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, வரைபடத்திலேயே பதில் சொல்லி, திரும்பக் கொடுக்கிறார்கள். மறுப்பாணையைப் படிக்க வேண்டிய விதம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

புது வரைபடம் எப்படி இருக்க வேண்டும் என்று என் யோசனை. கிழக்குப் பட்டையைக் காலியாக விட்டுவிடுவோம்: மரம், களம், பிள்ளைகள் விளையாட இடம். அங்கே சுற்றுச்சுவர்கூட வேண்டாம், அதுவும் கட்டுமானம்தான். வீடுகள் எல்லாம் மேற்கே, 100 மீட்டர் கோட்டைத் தாண்டி, தரைத்தளம் மட்டும். ஒரே சுவராக இல்லாமல் இரண்டு இரண்டாக, நடுவில் சந்து விட்டு, விமானம் தெரிகிற பார்வைக்கோடு மறையாமல். திட்ட வீட்டுக்குக் கான்கிரீட் தளம் தேவை, அதனால் முழு ஓட்டு வீடு சாத்தியமில்லை. முன்பக்கம் ஓடு வேய்ந்த தாழ்வாரமும் திண்ணையும் வைக்கலாம், நம் தெருக்களில் இருக்கிற மாதிரி. தண்ணீருக்குத் தனித்தனித் தொட்டி இல்லாமல் தூரத்தில் பொதுவாக ஒன்று. கழிவுநீர் மேற்கே, குளத்துக்கு எதிர்ப்பக்கம். அஸ்திவாரம் இயந்திரம் வைக்காமல் ஆள் வைத்துத் தோண்டுவோம் என்றும், பானை ஓடோ செங்கல் கட்டோ தென்பட்டால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்வோம் என்றும் நாமே எழுதிக் கொடுக்கலாம். பழைய ஊர் இருந்த மேடு அது என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். வீடுகளின் எண்ணிக்கை குறையும். ஆனால் கட்ட முடிகிற வீடுகளாக இருக்கும்.

எண்ணிக்கை குறைந்தால் விடுபடுகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள். அங்கேதான் 20-சி பிரிவு உதவும். தடைப் பகுதிக்குள்ளேயே, 1992 ஜூன் 16க்கு முன்பிருந்த வீடாக இருந்தால், பழுதுபார்க்கவும் புதுப்பிக்கவும் விண்ணப்பிக்கலாம். குளத்துக்கரைத் தெருவில் பெரும்பாலான வீடுகள் அதற்கும் முந்தியவை. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு, பழைய பத்திரம் என்று எது கிடைத்தாலும் இப்போதே திரட்டத் தொடங்க வேண்டும். இடம் மாற விரும்பாத பெரியவர்களை நம் வசதிக்காக மேற்கே தள்ள வேண்டாம். கூரையையும் சுவரையும் பலப்படுத்திக் கொடுப்பதும் வீடு கொடுப்பதுதான்.

'முதலில் அஸ்திவாரத்தைப் போட்டுவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். தயவுசெய்து வேண்டாம், தம்பி. அனுமதி இல்லாமல் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு வந்தால் மாட்டுவது அந்த வீட்டுக்காரர்கள். துபாயில் இருக்கும் நீங்களோ லீட்ஸில் இருக்கும் நானோ இல்லை.

பணத்தைப் பற்றி ஒரு விஷயம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் அனுப்புவது, இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதற்குரிய பதிவு இல்லாமல் ஊர்ச் சங்கம் அதை வாங்கக் கூடாது. எனவே யார் எந்தக் கணக்கில் போடுவது என்று பொருளாளர் சொல்லும் வரை யாரும் அனுப்ப வேண்டாம்.

இப்போது நடக்க வேண்டியவை. உரிமம் பெற்ற நில அளவையரை வைத்து, புல வரைபடத்தோடு, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளந்து கல் நட வேண்டும். இது முடியாமல் எதையும் வரைய வேண்டாம். ஆணையக் கூட்டத்தில் நம் விண்ணப்பம் பற்றி என்ன பதிவானது என்பதைக் கூட்டக் குறிப்பில் தேட வேண்டும், அதில் கிடைக்காததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க வேண்டும். அப்புறம் அடுத்த கிராம சபையில் குளத்துக்கரைத் தெருக்காரர்களே எழுந்து பேசி, தங்களுக்கு என்ன வேண்டும் என்று தீர்மானம் போட வேண்டும். சங்கம் அந்தத் தீர்மானத்தின் கீழே நிற்கட்டும்.

ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித் துணைவிதிகள் வகுக்கச் சட்டம் சொல்கிறது. நம் கோயிலுக்கான வரைவு வெளியாகும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். கட்டட உயரம், கூரை, நிறம் எல்லாம் அதில்தான் வரும். கட்டடக்கலை படித்த நம் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். புது வரைபடத்தைப் பார்த்துக் கொடுக்கவும், அந்த வரைவு வந்தால் வரி வரியாகப் படிக்கவும் யார் முன்வருகிறீர்கள் என்று இந்த மடலுக்குக் கீழேயே சொல்லுங்கள். அளவையர் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். சிங்கப்பூர் அண்ணன், நீங்கள் ஊருக்குப் பேசி வக்கீல் அலுவலகத்தை இப்போதைக்குப் பொறுக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
குளத்துக்கரைத் தெருவில் வளர்ந்தவன்
லீட்ஸ்